கெல்ராய்டுகளுக்கு மட்டும்

1

இந்தக் கதை ஒரு கட்டுரையிலிருந்து திருடியது. பறிகொடுத்தவனும் நானே என்பதால் வழக்கு வராது.

கெல்ராய்ட் குடும்பப்பெயர்ச் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் சரி, பெயரின் வாலில் கெல்ராய்ட் இருந்தால் அதில் சேரலாம். ஆண்டுக்கு ஒரு முறை, ஜூலை மாதத்து முதல் சனிக்கிழமை, யார்க்‌ஷயரில் எங்கள் வீட்டுக்கு மேலே இருக்கும் மேட்டில், மூடிக் கிடக்கும் தேவாலயத்துப் புல்வெளியில் கூடுவார்கள். போன முறைக்கு முந்தின முறை சங்கத் தலைவர் கிளைவ் கெல்ராய்ட் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"நம்ம பேர் எங்க பொறந்துச்சு, எங்கெங்க போச்சுன்னு ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேணும் குலா. நம்மள்ல எழுதறவர் நீங்க ஒருத்தர்தான்."

நம்ம பேர் என்றார். ஆமாம், எனக்கும் அதே பேர்தான். குலசேகரன் கெல்ராய்ட். சிரிக்க வேண்டாம், காரணம் இருக்கிறது.

நான் ஆரணிக்காரன். இங்கிலாந்துக்கு வந்தபோது என் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர் ஏறி உட்கார்ந்திருந்தது. ஆஸ்பத்திரியிலும் ஆபீசிலும் என்னை ஏகாம்பரம் என்றே கூப்பிட்டார்கள். மேலதிகாரி, "ஏகாம்பரம், இதை யார் இப்படிக் கெடுத்து வெச்சது?" என்று கத்தும்போதெல்லாம், ஆரணியில் நிம்மதியாகச் சோறு தின்றுகொண்டிருக்கிற மனுஷனுக்குப் புரையேறுமே என்று எனக்குச் சங்கடமாக இருக்கும். ஜூடித்தைக் கல்யாணம் செய்துகொண்டபோது, "உன் பேரை எனக்குக் குடுத்துடு, பாவம் எங்கப்பாவை விட்டுடலாம்" என்றேன். கொடுத்தாள். அன்றிலிருந்து நான் கெல்ராய்ட்.

கட்டுரையை எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆண்டு மலரில் வழவழவென்று வந்தும் விட்டது. அதில் எனிட் ஹர்ஸ்ட் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். தமிழில் எழுதுவதில் ஒரு வசதி, கிளைவ் படிக்கமாட்டார்.

2

தொடக்கங்கள்.

ஒன்று: "அறுநூறு ஆண்டுகளுக்கு முன், மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில், ஒருவன் கோடரியோடு இந்த மேட்டில்" (நிறுத்திவிட்டேன். மழை தூறியது எனக்கு எப்படித் தெரியும்? இந்த ஊரில் தூறியிருக்கும், அது வேறு விஷயம். ஆனால் அவனை நான் பார்த்ததில்லை. பார்க்காத ஆளின் கையில் கோடரியைக் கொடுக்கக் கூச்சமாக இருக்கிறது.)

இரண்டு: "கெல் என்றால் ஊற்று. ராய்ட் என்றால் மரம் வெட்டித் திருத்திய நிலம். ஊற்றுக்குப் பக்கத்தில் காடு திருத்திப் பயிர் வைத்த இடம் கெல்ராய்ட். அந்த இடத்திலிருந்து வந்தவன் கெல்ராய்ட்." (இது சரிதான். ஆனால் ஆறாம் வகுப்புப் பாடம் மாதிரி இருக்கிறது. அடுத்து கோடிட்ட இடத்தை நிரப்புக என்று வந்துவிடும். இருந்தாலும் கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

மூன்று: "ஜோசப் கெல்ராய்ட் ஆலைக்குள் புகுந்து இயந்திரத்தைச் சம்மட்டியால் அடித்தான். அவனைக் கப்பலேற்றினார்கள். அந்தக் கப்பல் டாஸ்மேனியாவில் இறக்கிவிட்டது ஒரு கைதியையும் ஒரு குடும்பப்பெயரையும்." (கட்டுரையில் இதுதான் தொடக்கம். கிளைவுக்கு ரொம்பப் பிடித்தது. ஜோசப்பின் தம்பி மசாசூசெட்ஸில் பஞ்சாலைக்குப் போனதும், அவன் பேரன் ஒன்டாரியோவுக்கு ஏறிப்போனதும், ஒரு கிளை மலையிறங்கி லீட்ஸில் குடியேறிக் காலர் வைத்த சட்டை போட்டுக்கொண்டதும் வரிசையாக வரும். எல்லோரும் போய்க்கொண்டே இருப்பார்கள். வாசிக்கிறவருக்கே கால் வலிக்கும்.)

நான்காவது தொடக்கம்தான் கதைக்கு உரியது. அது ஒரு வாசற்கல்.

3

தேவாலயத்துக்குப் பின்னால் ஓர் இடுகாடு. அதன் வாசலுக்கு மேலே பாலம் மாதிரி கிடக்கும் கல்லில், "கெல்ராய்டுகளுக்கு மட்டும்" என்று வெட்டியிருக்கிறது. தேவாலயம் மூடியபோது இடுகாடு சங்கத்தின் கைக்கு வந்தது. கல்லில் இருப்பதைச் சங்கம் விதியாகவே வைத்திருக்கிறது. வாழ்க்கைப்பட்டு வந்தவளுக்கு இடமுண்டு, பேர் வந்துவிட்டதே. கட்டிக்கொடுத்து அனுப்பிய பெண்ணுக்கு இடம் இல்லை, பேர் போய்விட்டதே.

எனக்கு இடமுண்டு. இதை மறந்துவிடாதீர்கள். ஆரணியில் பிறந்த ஏகாம்பரம் மகனுக்கு அங்கே சட்டப்படி இடமுண்டு.

உள்ளே போனால் இன்னொரு விசித்திரம். ஒரு கல்லிலும் கெல்ராய்ட் என்ற சொல் கிடையாது. எல்லோரும் கெல்ராய்ட் என்கிறபோது அதை வெட்டுவானேன்? 'சாலி மகன் நெட்', 'நெட் மகன் வில்ஃப்', 'பாறைக்கட்டு மேரி' என்றுதான் இருக்கும். உயிரோடு இருப்பவர்களின் வழக்கமும் அதுவே. இந்தப் பள்ளத்தாக்கில் குடும்பப்பெயர் சொல்லி யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் பாதி ஊர் திரும்பிப் பார்க்கும். குடும்பப்பெயர் போலீஸ்காரருக்கும் வரி கேட்க வருகிறவருக்கும் உரியது. என்னைக் கேட்டீர்களானால், நான் இங்கே 'ஜூடித் வீட்டு குலா'.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று. ஊர்ப் பெயரும் அப்பா பெயருமாகச் சுற்றுகிற நமக்கு இது விளங்கும். லீட்ஸிலிருந்து வரும் கெல்ராய்டுகளுக்கு விளக்கிச் சொல்லவேண்டியிருக்கிறது.)

'நெட் மகன் வில்ஃப்' என்ற கல் ஆறு வருஷத்துக் கல். வில்ஃப் என் மனைவி ஜூடித்தின் சித்தப்பா. ஊற்றுக்குப் பக்கத்துப் பண்ணையில், பேர் பிறந்த அதே கெல்ராய்டில், ஆடு வைத்திருந்தார். எனிட் ஹர்ஸ்ட் அவரோடு நாற்பது வருஷத்துக்கு மேல் அங்கே குடித்தனம் நடத்தியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

வில்ஃபை அடக்கம் செய்யும்போது லெஸ் பில்லிங் வந்து கேட்டார். இங்கே குழி தோண்டுவதும் கல் வெட்டுவதும் லெஸ் ஒருவர்தான்.

"ஒத்தை ஆழமா, ரெட்டை ஆழமாம்மா?"

ரெட்டை ஆழம் என்றால் அடியில் ஒருவர், பிற்பாடு அவர்மேல் இன்னொருவர். புருஷன் பெண்டாட்டிக்கு அப்படித்தான் தோண்டுவார்கள்.

"ரெட்டை" என்றார் எனிட், கண்ணைக்கூடத் துடைக்காமல்.

லெஸ் தோண்டினார். யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. நான் கட்டுரைக்கு ஒப்புக்கொண்ட அந்த ஜூலைக் கூட்டத்தன்று, எனிட்டே சொல்லிவிட்டார். கிளைவுக்கு டீ ஊற்றிக்கொண்டே, சர்க்கரை எவ்வளவு என்று கேட்கிற குரலில்:

"என் கதை முடிஞ்சதும் வில்ஃப் மேல போட்டுடுங்க கிளைவ். இடம் விட்டுத்தான் தோண்டியிருக்கு."

கிளைவ் குவளையைக் கீழே வைத்தார். வாசற்கல்லைப் பார்த்தார்.

4

இந்த இடத்தில் கிளைவை வில்லனாக்குவது சுலபம். இரண்டு பக்கம் அப்படித்தான் எழுதினேன். வழுக்கைத் தலை, இறுகிய உதடு, அளவெடுத்த பேச்சு. பிறகு அவர் வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்து, இரண்டையும் கிழித்துப்போட்டேன்.

"எங்க அக்கா பட்ரீஷியாவை உங்களுக்குத் தெரியாது" என்றார் கிளைவ். "கட்டிக்கிட்டுப் போனா. பேர் மாறிப்போச்சு. சாகக் கெடந்தப்ப, எங்க அம்மா பக்கத்துல படுக்கணும்டா தம்பின்னு கையைப் புடிச்சுக்கிட்டா. அப்ப நான்தான் செயலாளர். விதி விதிதான் அக்கான்னு சொன்னேன். அவ இப்ப கீழ ஹாலிஃபாக்ஸ் டவுன்ல முன்ன பின்ன தெரியாத ஆளுங்களுக்கு நடுவுல கெடக்கா. எனிட்டுக்கு நான் எப்படிச் சரின்னு சொல்றது? சொல்லுங்க, எங்க அக்கா மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

கட்டுரைக்காரனுக்கு இது உபயோகமில்லாத தகவல். கதைக்காரனுக்கு வில்லன் கைநழுவிப் போனார்.

"ஆனா ஒண்ணு குலா" என்றார் வாசல் வரை வந்து. "நம்ம சட்டம் ரொம்பத் தாராளம். யாரையும் ஏமாத்தற எண்ணம் இல்லேன்னா யார் வேணா எந்தப் பேர் வேணா வெச்சுக்கலாம். அவங்க இன்னியிலேருந்து எனிட் கெல்ராய்டுன்னு சொல்லிக்கட்டும். நாளைக்கே நான் தலையாட்டறேன். செத்தப்புறம் அடக்கத்துக்கும் அது செல்லும்."

அவ்வளவுதான் பிரச்சினை. ஒரு சொல். அன்று சாயங்காலமே ஜூடித்தும் நானும் பண்ணைக்கு ஏறினோம். எனிட் ஆட்டுக்குக் குளம்பு வெட்டிக்கொண்டிருந்தார். எழுபத்தொன்பது வயசு, ஆட்டை மல்லாத்திக் கால்களுக்கு நடுவில் இடுக்கியிருக்கிறார், ஆடு சாது மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

"கெல்ராய்டுன்னு சொல்லிக்கிட்டாப் போதுமாம் எனிட்" என்றாள் ஜூடித். "கையெழுத்துக்கூட வேணாம்."

"முடியாது கண்ணு."

"ஒரு வார்த்தைதானே!"

"ஒரு வார்த்தைதான். அதான் முடியாதுங்கறேன்ல. வில்ஃபே வருஷத்துக்கு ஒரு தடவை கேட்டுப் பாத்தான். அவனுக்கே இல்லேன்னேன். கிளைவுக்காகவா மாத்திக்குவேன்? அவன் டீல சர்க்கரை கலக்கறப்ப கரண்டி படற சத்தமே எனக்கு ஆவாது."

ஏன் என்று நான் கேட்டேன். எனிட் ஆட்டை விட்டுவிட்டு அடுத்த ஆட்டைப் பிடிக்கப் போனார்.

ஆகவே, பாத்திரத்தின் நோக்கம் தெரியாத ஆசிரியன் என்ன செய்வான்? இட்டுக்கட்டுவான். முதல் வரைவில் எனிட்டுக்கு ஒரு பழைய கணவனைக் கொடுத்தேன், ஹல் துறைமுகத்தில், குடிகாரன். இரண்டாவதில் அவரை ஒரு கொள்கைக்காரி ஆக்கி, பெண் ஏன் பேரை மாற்றவேண்டும் என்று அரைப் பக்கம் பேசவைத்தேன். மூன்றாவதில் ஹர்ஸ்ட் வம்சத்தில் கடைசி ஆள் அவர்தான் என்று ஒரு

(முடிக்கவில்லை. பேர் அழியக்கூடாது என்ற கவலையெல்லாம் சங்கத்துக்காரர்களின் வியாதி. எனிட்டுக்கு ஆட்டின் குளம்பு அழுகக்கூடாது என்ற கவலைதான்.)

எழுதியதை அவ்வப்போது அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்வேன். இஞ்சிக் கேக்கை டீயில் நனைத்துத் தின்றுகொண்டே கேட்பார்.

"ஹல்லா? அந்த ஊருக்கு நான் போனதே இல்லையேப்பா. குடிகாரன்கூட நல்லவனாக் கெடைக்கலையா உனக்கு? சரி, உன் பாஷையில நான் எப்படிப் பேசறேன்?"

"எங்க ஊர்ல வாயாடின்னு பேர் எடுத்தவங்க மாதிரி."

"அப்பச் சரியாத்தான் எழுதறே."

5

அடுத்த ஜூலை வந்தது. புல்வெளியில் கூடாரம், மாவுக்குள் பன்றிக்கறி பொதிந்து சுட்ட பண்டம், முட்டை வைத்த ரொட்டி, டாஸ்மேனியாவின் ஹோபார்ட்டிலிருந்து ஒரு குடும்பம், ஒன்டாரியோவிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள். எல்லோரும் மழைக்கோட்டில். எனிட் வழக்கம்போல் டீப் பாத்திரத்துக்குப் பின்னால். சங்கத்தில் அவர் உறுப்பினர் இல்லை. இடுகாட்டுப் புல்லை வருஷம் முழுக்க வெட்டுகிறவர் அவர்தான், அதற்கு உறுப்பினராக இருக்கத் தேவையில்லை போலிருக்கிறது.

கட்டுரையின் சாரத்தைப் பேசச் சொல்லி என்னை மேடைக்கு அழைத்தார்கள். சம்மட்டி ஜோசப்பில் தொடங்கினேன், ஹோபார்ட் குடும்பம் கை தட்டியது. அங்கேயே நின்றிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா?

"ஒரு சின்ன விஷயம்" என்றேன். "நான் ஆரணிங்கற ஊர்ல பொறந்தேன். அங்க இருந்தவரைக்கும் யாரும் என்னை ஆரணிக்காரன்னு சொன்னதில்ல. எதுக்குச் சொல்லணும், எல்லாருமே ஆரணிதானே? சென்னைக்குப் போனேன். மறுநாளே ஆரணிக்காரன் ஆயிட்டேன். நம்ம பேரும் அப்படித்தான். ஊத்துக்குப் பக்கத்துல காட்டைத் திருத்திக்கிட்டு அங்கேயே இருந்தவனை யாரும் கெல்ராய்டுன்னு கூப்பிட்டிருக்கமாட்டாங்க. சாலி மகன், நெட் மகன், அவ்வளவுதான். எவன் மேட்டை விட்டு எறங்கினானோ, அவனுக்குத்தான் எறங்கின எடத்துல அந்தப் பேரை ஒட்டினாங்க. கெல்ராய்டுங்கறது இங்க இருந்தவன் பேர் இல்ல, இங்கேருந்து போனவன் பேர். நாம எல்லாரும் போனவங்களோட பிள்ளைங்க."

எனக்குத் தைரியம் ஏறிவிட்டது.

"போகாம இருந்தது யாரு? அந்தப் பண்ணையில, அந்த ஊத்துத் தண்ணியைக் குடிச்சுக்கிட்டு நாப்பது வருஷமா இருக்கறது யாரு? அதோ, அங்க டீ ஊத்திக்கிட்டு இருக்கறவங்க. எனக்கு இந்தப் பேர் மோதிரம் மாத்தினப்ப வந்துச்சு. எனக்கு உள்ள இடமுண்டு. அவங்களுக்கு இல்லையா? நாம கெல்ராய்டுன்னா, அவங்க நம்மளைவிடக் கெல்ராய்டு!"

ஒன்டாரியோ பஸ் முழுக்க எழுந்து நின்றுவிட்டது. ஒரு பெண்மணி அழுதார். எனிட்டைக் கெல்ராய்டாகவே எடுத்துக்கொள்ளத் தீர்மானம் போடலாம் என்று யாரோ கத்தினார்கள். கைகள் உயர்ந்தன. கிளைவ் கொஞ்ச நேரம் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றார். பட்ரீஷியா அக்காவிடம் உத்தரவு கேட்டிருப்பார் என்று எழுதி, அடித்துவிட்டேன். அவர் மனசுக்குள் புகுந்து பார்க்க எனக்கு உரிமை இல்லை. பிறகு அவர் கையும் மெதுவாக மேலே போனது.

"ஒரே ஒரு நிபந்தனை" என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டு. "கல்லு நம்ம வழக்கப்படி இருக்கணும். வெறும் பேர் மட்டும். குடும்பப்பெயர் உள்ள கல் இங்க ஒண்ணுகூட இல்ல, இனியும் இருக்கக்கூடாது. நாளைக்கு வர்றவங்களுக்கு அவங்களும் நம்மள்ல ஒருத்தர். ஹர்ஸ்ட்னு வெட்டினா கல்லை எடுத்துடுவோம்."

நியாயமான நிபந்தனை. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். கதை இங்கேயே முடிந்திருந்தால் நல்ல கதை, ஆண்டு மலரிலேயே போட்டிருக்கலாம்.

எனிட் தட்டவில்லை. கையில் டீப் பாத்திரம் இருந்ததால் என்று நினைத்துக்கொண்டேன்.

6

எல்லோரும் போனபின், தேவாலயத்துப் பின்கட்டில் அவர் குவளை கழுவ, நான் துடைத்து அடுக்கினேன். பாராட்டுக்குக் காத்திருந்தேன் என்பதை மறைப்பானேன்.

"நல்லாப் பேசினே குலா."

"எல்லாம் உங்களுக்காகத்தான்."

"அதான் கஷ்டமா இருக்கு." ஒரு குவளையை ரொம்ப நேரம் தேய்த்தார். "என்னைக் கெல்ராய்டு ஆக்கிட்டியேப்பா. வில்ஃபால முடியாததை நீ ஒரே பேச்சுல பண்ணிட்டே. என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"இடம் கெடைச்சிருச்சு இல்ல?"

"யாருக்குக் கெடைச்சுது? எனிட்டுக்கு. அங்க ஏற்கெனவே ரெண்டு எனிட் படுத்திருக்காங்க, போய்ப் பாரு. மூணாவதா நானும் போய் வரிசையில நிக்கணுமா?"

நான் துடைத்த குவளையையே மறுபடி துடைத்தேன்.

அப்போதுதான் சொன்னார். நான் மூன்று வரைவில் இட்டுக்கட்டிப் பார்த்த காரணத்தை, தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, என் பக்கம் திரும்பாமலேயே சொன்னார்.

"இந்தப் பள்ளத்தாக்குல குடும்பப்பேர் சொல்லி யாரும் யாரையும் கூப்பிடறதில்ல, தெரியுமில்ல உனக்கு? சொன்னாலும் பிரயோசனம் இல்ல, எல்லாம் ஒண்ணுதான். நான் ஹர்ஸ்ட். வெளியூர்க்காரி. முத நாள் பண்ணைக்கு வந்தப்ப வில்ஃப் என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, 'எனிட் ஹர்ஸ்ட், பூட்ஸைக் கழட்டிட்டு வா'ன்னான். அன்னிலேருந்து சாகற வரைக்கும் முழுப் பேர்தான். 'எனிட் ஹர்ஸ்ட், டீ ஆறுது.' 'எனிட் ஹர்ஸ்ட், குட்டி போட்டிருச்சு ஓடி வா.' கோவம் வந்தாலும் அதான், கொஞ்சினாலும் அதான். கடைசியா ஆஸ்பத்திரியில மூச்சு வாங்கிக்கிட்டு இருந்தப்பக்கூட ரெண்டையும் சேத்துத்தான் சொன்னான். அதை மாத்திக்கிட்டா அவன் எதைச் சொல்லிக் கூப்பிடுவான்? வேற எதைக் கூப்பிட்டாலும் எனக்குத் திரும்பத் தெரியாது கண்ணு."

துடைத்த குவளையைக் கழுவாத குவளைகளோடு வைத்துவிட்டேன். பற்றில்லாமல் எழுதவேண்டும் என்று முதல் வரியிலேயே தீர்மானித்திருந்தேன், அது இவ்வளவு தூரம்தான் தாங்கியது.

"கல்லுல வெட்ட விடமாட்டாங்கதான். உன் கதையில வெட்டிடுவேல்ல?" என்றார்.

"வெட்டிடுவேன்."

"நல்லா வெட்டு. ஒருத்தருக்கும் படிக்கத் தெரியாத பாஷையில." சிரித்தார். துணியை என் தோளில் போட்டுவிட்டு ஆட்டைப் பார்க்கப் போனார்.

7

முடிவுகள்.

அ. எனிட் மனம் மாறுகிறார். 'ஒத்துக்கறேன், வெறும் எனிட் போதும்' என்கிறார். எல்லோருக்கும் நிம்மதி. (இதை அவருக்குச் சொன்னேன். "யாரு இந்தப் பொம்பளை?" என்றார்.)

ஆ. எனிட் ஹாலிஃபாக்ஸ் பொது இடுகாட்டில், முழுப் பேரோடு, பட்ரீஷியா அக்காவுக்குப் பக்கத்தில். கிளைவ் இரண்டு கல்லுக்கும் பூ வைக்கிறார். (அழகாக இருக்கிறது. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது. தவிர, வில்ஃப் மேலே இருக்கிற அந்த இடம் காலியாகவே கிடக்கும். அதில் வேறு யாரைப் போடுவார்கள்?)

இ. சங்கம் விதியை மாற்றுகிறது, எனிட் ஹர்ஸ்ட்டுக்கும் பட்ரீஷியா மாதிரியான பெண்களுக்கும் கதவு திறக்கிறது, எல்லோரும் (கிளைவிடம் கேட்டேன். "அப்போ எங்க அக்காவை நான் சும்மாதான் அங்க அனுப்பினேனா?" என்றார். அந்தக் கேள்வியோடு ஒருவர் தினமும் காலையில் எழுந்திருக்கவேண்டும். என்னால் அந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.)

ஈ. எனக்கு உரிய இடத்தை நான் எனிட்டுக்கு

இந்த வாக்கியம் பிப்ரவரியில் நின்றுபோனது. அன்று காலை எனிட் ஆடுகளுக்கு வைக்கோல் போட்டுவிட்டு வந்து, பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, அடுப்படி நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஜூடித்தான் போய்ப் பார்த்தாள்.

அதன்பின் சில வாரங்கள் இதைத் தொடவில்லை. இட்டுக்கட்டிய பாத்திரமாக இருந்தால் அடுத்த வரைவில் எழுப்பி உட்காரவைத்திருப்பேன். எனக்கு எனிட்மேல் ரொம்பப் பிரியம். கதையில் அவரை 'அவள்' என்று எழுதக் கை வராமல், கடைசி வரை 'அவர்' என்றே எழுதியிருக்கிறேன், கவனித்திருப்பீர்கள்.

தீர்மானப்படி வில்ஃபின்மேல் அடக்கம் செய்தோம். லெஸ் ஆழத்தைச் சரியாகத்தான் விட்டிருந்தார். கிளைவ் வந்திருந்தார், மழையில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். போகும்போது என் கையைப் பிடித்து, "கல்லு விஷயம் ஞாபகம் இருக்குல்ல?" என்றார், ரொம்பத் தாழ்ந்த குரலில். கெஞ்சுகிற மாதிரிகூட இருந்தது.

8

இப்போது நான் லெஸ்ஸின் கொட்டகையில் நிற்கிறேன். கல் பலகைமேல் கிடக்கிறது. 'எனிட்' என்று சாக்பீஸில் எழுதி முடித்துவிட்டார். அதற்குப் பக்கத்தில் கல் வெறுமையாக இருக்கிறது, இன்னொரு சொல் எழுதும் அளவுக்கு.

"ஒத்தைப் பேரா, ரெட்டைப் பேரா?" என்றார் லெஸ்.

"தீர்மானம் தெரியும்ல உங்களுக்கு?"

"எனக்கு எதுக்குப்பா தீர்மானம்? கல்லை எடுக்கணும்னா எடுக்கட்டும். எடுக்கறதுக்கும் என்னைத்தான் கூப்பிடணும். அன்னிக்கு எனக்கு முதுகு வலிக்கும். சொல்லு, எத்தனை பேர்?"

நான் ஜூடித்தைப் பார்த்தேன். "பேச்சு பேசினது நீதானே, இப்பவும் நீயே பேசு" என்றாள்.

வெட்டினால், இத்தனை கெல்ராய்டுகள் படுத்திருக்கும் இடுகாட்டில், ஒரு கல்லில் மட்டும் குடும்பப்பெயர் இருக்கும், அது ஹர்ஸ்ட் என்று இருக்கும். கிளைவ் அதைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் அக்காவின் கை அவர் கையைப் பிடிக்கும். வெட்டாவிட்டால், இருக்கும் எனிட்டுகளில் இவர் ஒருவராகிவிடுவார், இன்னும் சில காலத்தில் ஒன்டாரியோ பஸ்காரர்கள் இவரைத் தங்கள் பாட்டியின் ஒன்றுவிட்ட தங்கை என்று படம் எடுத்துக்கொள்வார்கள். கதையில் வெட்டிவிட்டேன் என்று நான் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். கதை கல் இல்லை. மழையில் வந்து நின்று யாரும் அதை வாசிக்கப்போவதில்லை.

இரண்டு முடிவையும் எழுதி வைத்திருக்கிறேன். எதையும் இங்கே தரப்போவதில்லை. எனிட்டின் பேரை அவரைக் கேட்காமல் ஒரு தடவை கைமாற்றிவிட்டேன், இன்னொரு தடவை அது என் கையால் வேண்டாம். உங்களை அவருக்குத் தெரியாது, கிளைவுக்கும் தெரியாது. அது ஒரு தகுதிதான். இந்தாருங்கள், சாக்பீஸ்.

நீங்கள் யோசித்துக்கொண்டிருக்க, லெஸ் ஃப்ளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டார்.

"என்னப்பா இவ்வளவு நேரம்?" என்றார். "வில்ஃபுக்குப் பள்ளம் தோண்டறப்ப இதே கேள்விதான் கேட்டேன். அந்தம்மா கண்ணைக்கூடத் துடைக்கலை, ஒரே வார்த்தையில சொல்லிடுச்சு."